முதல் எண்ணையே பெரிசா வை

அவர்: இருக்கறதுலயே பெரிய நம்பர் எதுன்னு கேட்டா, உன் ப்ரோக்ராம் மறுபடியும் பூஜ்ஜியம்னு காட்டுது பாரு.

நான்: அட… ஆமா.

அவர்: மீன் வைக்கிற அஞ்சு ஃப்ரீசர் ரூம். உங்க கம்பெனி ரூம்தான். எதுலயாவது பூஜ்ஜியம் இருக்கா?

நான்: இல்ல. எல்லாமே மைனஸ். மைனஸ் பதினெட்டு, மைனஸ் இருபத்தொண்ணு, மைனஸ் பதினஞ்சு…

அவர்: அப்ப இந்தப் பூஜ்ஜியம் எங்கேர்ந்து குதிச்சுது?

நான்: நான்தான் ஆரம்பத்துல ‘பெரிசு’ன்னா பூஜ்ஜியம்னு எழுதிட்டேன்.

அவர்: இதோட நாலாவது தடவை.

நான்: மண்டையில ஏறினாத்தானே.

அவர்: இல்லாத ஆளைக் கூட்டிட்டு வந்து ‘பெரிசு’ங்கற நாற்காலியில உட்கார வச்சிட்டே. வந்த அஞ்சு பேரும் மைனஸ். ஒருத்தனாலயும் அவனை எழுப்ப முடியலை.

நான்: உங்க சித்தப்பா மாதிரி.

அவர்: அவரை ஏன் இழுக்கிறே…

நான்: ரெண்டு நாள்னு வந்துட்டு ரெண்டு மாசம் எழுந்தாரா அந்த நாற்காலியை விட்டு?

அவர்: சிரிக்க வைக்காதே. நெஞ்சு பிடிக்குது.

நான்: தண்ணி தரட்டா?

அவர்: வேணாம், உட்காரு. இப்பச் சொல்லு. நாற்காலியில முதல்ல யாரு?

நான்: முதல் ரூமே. மைனஸ் பதினெட்டு.

அவர்: அப்புறம்?

நான்: அடுத்தவன் வருவான். அவன் பெரியவன்னா இவன் எழுந்து இடம் குடுக்கணும். சின்னவன்னா அவன் பேசாம நடையைக் கட்டணும்.

அவர்: கடைசி ஆளும் வந்து போனப்புறம் யாரு உட்கார்ந்திருக்கானோ அவன்தான் பெரியவன். அதாவது மைனஸ் இருபத்தி நாலு.

நான்: ஏங்க, அது இருக்கறதுலயே சின்னதுங்க. மைனஸ் பதினஞ்சுதான் பெரிசு. அந்த ரூம்லதான் குளிர் கம்மி. மீன் அங்கதான் கெடும்.

அவர்: ஆமால்ல.

நான்: நீங்களும் இதோட நாலாவது தடவை.

அவர்: நான் லிஃப்ட் ரிப்பேர் பண்ணினவன். எனக்கு மைனஸ்னா கார் நிறுத்துற கீழ்த்தளம். அதுக்குக் கீழ நான் போனதில்ல.

நான்: நல்ல வாத்தியார் கிடைச்சார் எனக்கு.

அவர்: உங்க கம்பெனியோட கம்ப்யூட்டர் பரீட்சை எப்ப?

நான்: திங்கக்கிழமை. தள்ளி வச்சுட்டாங்க.

அவர்: மறுபடியுமா?

நான்: ம்… மறுபடியும்.

அவர்: தள்ளட்டும். பாஸ் பண்ணாதவங்களை வேலையை விட்டு நிறுத்திடுவாங்கன்னு சொன்னியே. நிதானமாப் படி. ஆபரேஷன் முடிஞ்சு வந்து மீதியைப் பார்த்துக்கலாம்.

நான்: கார் வந்துடுச்சு போல. ஹார்ன் கேக்குது.

அவர்: பூஜ்ஜியத்தை எடுத்துட்டியா?

நான்: எடுத்துட்டேன்.

அவர்: அப்ப கிளம்பலாம்.

*

நாத்தனார்: அண்ணி, அண்ணன் சட்டையெல்லாம் மடிச்சு வச்சிட்டேன். இந்தக் கம்ப்யூட்டர் புஸ்தகம்?

நான்: அது லைப்ரரியோடது. உனக்குத் தெரியுமா, எனக்குச் சொல்லிக் குடுக்கறதுக்காகவே எடுத்து, மனுஷன் முதல்ல தான் படிச்சார்.

நாத்தனார்: தெரியும்… அண்ணி, ஒண்ணு கேக்கவா? அண்ணன் போய் ஒரு மாசம் ஆகப்போகுது. மனசுலயே வச்சிட்டிருக்கேன்.

நான்: கேளு.

நாத்தனார்: ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அண்ணன் சொன்னாரு. உங்க பரீட்சை எப்பவோ முடிஞ்சிருச்சாமே. நீங்க பாஸாமே.

நான்: அவருக்கு எப்படித் தெரியும்?

நாத்தனார்: ரிசல்ட் வந்த அன்னிக்கு உங்க சூப்பர்வைசர் வாழ்த்துச் சொல்ல ஃபோன் பண்ணியிருக்காரு. நீங்க கடைக்குப் போயிருந்தீங்களாம். அண்ணன்தான் எடுத்திருக்காரு.

நான்: அப்ப அதுக்கப்புறம் பாடம் நடத்தின அந்த ரெண்டு வாரமும்…

நாத்தனார்: தெரிஞ்சுதான். ‘தெரியும்னு சொல்லிட்டா எழுந்து அடுப்படிக்குப் போயிடுவா. பாடம்னாத்தான் ஒரு மணி நேரம் பக்கத்துல உட்காருவா’ன்னாரு. அந்த மைனஸ் கணக்கைக்கூட வேணும்னேதான் தப்பாச் சொன்னாராம். நீங்க திருத்தறது பிடிக்குமாம்.

நான்: திருடன்.

நாத்தனார்: நீங்க மட்டும் என்னவாம்? பாஸ் ஆனதை ஏன் மறைச்சீங்க?

நான்: பரீட்சையில அதே கேள்விதான் வந்துச்சு. எல்லாமே மைனஸ் நம்பர். என் பக்கத்துல நாலு பேரு பூஜ்ஜியம்னு எழுதினாங்க. நான் அவர் சொன்னபடி முதல் நம்பரையே உட்கார வச்சேன். இந்த வேலை எனக்கு இருக்குன்னா அவராலதான். ரிசல்ட் வந்ததும் ஓடி வந்து சொல்லணும்னுதான் வந்தேன். வாசப்படி ஏறினா, புஸ்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டுக் காத்திருக்கார். சொல்லிக் குடுக்கற நேரம் மட்டும்தான் அவருக்கு வலி மறந்து போகும்… பாஸாயிட்டேன்னு சொன்னா அன்னியோட பாடம் முடிஞ்சிரும். அதான் தெரிஞ்சே தப்புத் தப்பா எழுதினேன். ஓவர்டைம் வேணாம்னு சொல்லிட்டு அஞ்சே கால் பஸ்ஸைப் பிடிச்சு ஓடி வருவேன். இப்பவும் அந்த பஸ்லதான் வர்றேன்.