காலி நாற்காலிக் காசு

பழைய வெள்ளிக்காசை ஒருபோதும் கழுவக் கூடாது, ஐயா. காசு சேர்ப்பவர்களுக்கு இது அரிச்சுவடி. வருடக்கணக்காகச் சொல்லியும் என் நண்பன் ஆல்பனின் மண்டையில் மட்டும் ஏறவில்லை.

எங்கள் ஜெர்மன் ஊரான ஐஷ்டெட்டை ஒரு காலத்தில் கத்தோலிக்க ஆயர்களே அரசர்களாக இருந்து ஆண்டார்கள். காசிலும் அவர்கள் முகம்தான். ஓர் ஆயர் இறந்து அடுத்தவர் வரும்வரை நாற்காலி காலி. அந்த இடைவெளியில் பேராலயக் குருமார் ஆயர் முகமில்லாத காசு அடிப்பார்கள். ஒருவர் செத்தால்தான் காசு. அப்படி ஒன்று ஆல்பனிடம் இருந்தது. இருநூறு வருடக் கறுப்பும் நீலமும் ஏறி, பழுத்த பிளம்பழத் தோல்போல அவ்வளவு அழகு.

"நான் மண்டையப் போட்டாத்தான் இது உனக்கு, வுனிபால்ட். அதுவரைக்கும் ஜொள்ளு விட்டுக்கிட்டே கிட," என்பான். நான் முகம் சுளிக்காமல் காத்திருந்தேன். அவன் நெஞ்சுவலிக்காரன். அவன் உடம்பைப் பற்றி என்னைப்போல் அக்கறையாக விசாரித்தவர் ஊரில் யாருமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனபோது, மேசைமேல் ஒரு கிண்ணத்தில் வெள்ளி கழுவும் திரவம். எங்கள் காசுச் சங்கத்தின் கண்காட்சிக்காகவாம்.

"வேண்டாம்டா. அந்தக் கறுப்புதான்டா அதுக்கு உசுரு."

"போடா, பளபளன்னு இருந்தாத்தான் பாக்கிறவன் வாயப் பொளப்பான். உனக்குப் பொறாமை."

நான் கத்தினேன், அவனும் கத்தினான். சட்டென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கையிலிருந்த காசு கிண்ணத்துக்குள் விழுந்தது.

"மருந்து ஸ்ப்ரே... கோட்டுப் பையில..."

எது முதலில் என்று யோசிக்க நேரமில்லை. காசை எடுத்தேன், தண்ணீரில் அலசினேன், பஞ்சுத்துணியில் ஒற்றி எடுத்தேன். தேய்த்தால் கீறல் விழும், இதற்கெல்லாம் பொறுமை வேண்டும். நிமிர்ந்து பார்த்தபோது ஆல்பன் அமைதியாகிவிட்டிருந்தான். உட்கார்ந்து அழுதேன், ஐயா. காசின் ஓரமெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

ஆணியில் தொங்கிய அவன் கோட்டில் இருந்த மருந்து என் சட்டைப் பைக்கு எப்படி வந்தது என்கிறீர்கள். நான்தான் எடுத்தேன். உள்ளே வந்து கிண்ணத்தைப் பார்த்ததுமே எடுத்துவிட்டேன், கத்துவதற்கு முன்பே. கத்தினால் அவன் நெஞ்சு தாங்காது என்பது எனக்குத் தெரியாதா?

காசைக் கழுவிக் கெடுத்துவிட்டால், அதை எனக்குத் தருவதாகச் சொன்ன வாக்கு என்ன ஆவது? ஆல்பன் சொன்ன சொல் தவறாதவன், ஐயா. அந்த நல்ல பெயரை அவனுக்கு நான் காப்பாற்றிக் கொடுத்தேன்.