நைசான செங்கல்

பறக்கும் ரயிலில் என் எதிரே நின்ற கொத்தனார், "செங்கல்லு நைசா இருந்ததுதான் தப்பு" என்றார் மனைவியிடம்.

"இன்னாயா பேசற? பொண்ணு பிரசவத்துக்கு வர்றா. நீ கட்டுன ரூமு அடுப்பாட்டம் கொதிக்குது."

"சூளைக்காரனுங்க மண்ண ரொம்பப் பொடியா சலிச்சுட்டானுங்க. கல்லு இறுகிப்போச்சு, வெயில் சூடு சட்டுனு உள்ள வந்துடுது. கொரகொர மண்ணுன்னா கல்லுல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். அதுல நிக்கிற காத்து சூட்டத் தடுக்கும்."

"தெரிஞ்சுக்கினே வாங்குனியா?"

"பாக்க அழகா இருந்துச்சு. நம்ம பொண்ணு ரூமாச்சேன்னு..."

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு ஸ்டேஷன் வரை கொத்தனார் கதவுப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார்.

"நாளைக்கே இடிச்சுடறேன்."

"இடிக்காத. வெயில் படற பக்கம் கொரகொர கல்லுல வெளிய இன்னொரு சுவரு எழுப்பு. சித்தாளுக்கு ஆள் தேடாத, நானே வர்றேன்."