பட்டை தீட்டாமல் விட்ட நீலம்

இந்த அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது சார். வடக்குப் பார்த்த ஜன்னல். கல் பார்க்கிறவர்கள் எல்லாரும் வடக்கு வெளிச்சத்தைத்தான் தேடுவோம். நிறத்தை அது கூட்டியும் காட்டாது, குறைத்தும் காட்டாது. என் கடையில் அப்படி ஒரு ஜன்னல் இல்லை. எந்தக் கல்லையும் வாசலுக்கு எடுத்து வந்துதான் பார்ப்பேன்.

ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். என் மனைவி அனுராதாவும் அதைத்தான் கேட்டாள். மகள் யுவஸ்ரீயிலிருந்து தொடங்கினால் உங்களுக்கு என் மேல் கோபம்தான் வரும். கல்லிலிருந்து தொடங்கினால் ஒவ்வொன்றும் எப்படி நடந்தது என்று புரியும். அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் தணிகைவேல். திருத்தணியில் மலைக்குப் போகிற சாலையில் ராசிக்கல் கடை வைத்திருக்கிறேன். கல் பதிப்பதும் நான்தான். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் நகரி, புத்தூர் பக்கமிருந்து சாமி பார்க்க வருகிறவர்கள். படியிறங்கி வரும்போது அவர்கள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். அது கலைவதற்குள் மோதிரத்தைக் கட்டிக் கொடுத்துவிடுவேன். போலிக் கல் விற்றதில்லை. ஆனால் கல் எதையாவது செய்யும் என்று நான் நம்பியதும் இல்லை. புஷ்பராகம் போட்டவனுக்குக் கல்யாணமானால் கல்லால் ஆயிற்று என்பான். ஆகாதவன் என் கடைப்பக்கமே வரமாட்டான். தொழில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

என்னை நம்ப வைத்தவர் வீராசாமி. திருவாலங்காட்டில் கரும்பு போடுகிறவர். வீட்டிலிருந்த பழைய நீலக்கல் ஒன்றைக் கொண்டுவந்து மோதிரமாகக் கட்டிக்கொண்டு போனார். நீலம் சனிக்குரிய கல். ஒத்துக்கொண்டால் ஆளைத் தூக்கிவிடும், ஒத்துக்கொள்ளாவிட்டால் கவிழ்த்துவிடும் என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த வாரமே கரும்பு ஏற்றிப்போன டிராக்டர் கவிழ்ந்து அவருடைய தம்பி இறந்துபோனார். காரியம் முடிந்த கையோடு வீராசாமி கடைக்கு வந்தார். கல்லைப் பெயர்க்கச் சொல்லி, தங்கத்தை மட்டும் மடியில் முடிந்துகொண்டார்.

"இத நீயே வச்சிக்க தணிகை. கெணத்துல போடு, இன்னா வேணா பண்ணு. எங்கூட்டு வாசப்படி மறுபடி ஏறக்கூடாது" என்றார்.

அவர் போனபிறகு கல்லை வாசலில் வைத்து லென்ஸில் பார்த்தேன். மயில் கழுத்து நிறம். ஒரு மூலையில் மட்டும், மேலேயிருந்து உள்ளே இறங்குகிற மயிர்க்கீறல். கட்டும்போது அதை நான் கவனிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. ஒரு கல் ஒரு வாரத்தில் ஓர் ஆளைக் கொண்டுபோக முடியுமென்றால், அதற்குச் சக்தியில்லை என்று எப்படிச் சொல்வது? சக்தி இருக்கிறது. கீறல் இருப்பதால் தவறான பக்கம் போகிறது. கீறலைச் சரிசெய்தால் சரியான பக்கம் திரும்பும். நிதானமாக யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

யுவஸ்ரீக்கு வலிப்பு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தொடங்கிவிட்டது. மொட்டை போட்டோம். நான் காவடி எடுத்தேன். யாரோ சொன்னார்களென்று தர்காவில் ஓதிய தண்ணீரும் வாங்கிக் கொடுத்தோம். சென்னையில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு வேளைகூட விடக்கூடாது, திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்றார். நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டேன். புரியாமல் செய்ததாக எழுதிக்கொள்ள வேண்டாம்.

மாத்திரையில் வலிப்பு குறைந்தது. அவளும் சேர்ந்து குறைந்துபோனாள். பேச்சு நடுவில் வார்த்தையைத் தேடுவாள். மாலையானால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். போன வருஷம் கல்லூரியிலிருந்து வரும்போது அரக்கோணம் பிளாட்பாரத்தில் விழுந்தாள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தலையைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். சுற்றி நின்றவர்களில் ஒருவன் செல்போனில் படம் எடுத்திருக்கிறான். சுடிதார் நனைந்து அவள் கிடந்த அந்த வீடியோ அவள் வகுப்புப் பிள்ளைகளின் குரூப்புக்கே வந்து சேர்ந்தது. அதோடு கல்லூரியை நிறுத்திக்கொண்டாள்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். "நைனா, எனுக்கு இது போவவே போவாதா? சாவுற வரிக்கும் மாத்திரதானா?"

அழவில்லை. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்பதுபோலக் கேட்டாள். ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் கல் எடுத்துக் கொடுப்பவன், என் பெண்ணுக்கு மட்டும் ஒரு கல்லும் எடுத்துக் கொடுத்ததில்லை. மறுநாள் நீலத்தை எடுத்துக்கொண்டு அரக்கோணம் போனேன்.

அங்கே ஹனீஃபா பாய் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர். எனக்கு ரொம்ப நாள் பழக்கம். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு வழி கீது தணிகை. சாணையில போட்டு மறுபடி பட்டை தீட்டினா கீறல் போயிடும். ஆனா கல்லு பாதியாயிடும். எவ்ளோ ஆழம் போயிருக்குன்னு உள்ள போனாத்தான் தெரியும். சூட்டுல ரெண்டா பொளந்துக்கினாலும் பொளந்துக்கும். இல்லியா, கல்ல தொடாத. மோதிரத்துக் கட்டை மாத்திக் கட்டு. அந்த மூலைய தங்கத்துக்கு அடியில மறச்சிடு."

"மறச்சா தோஷம் போயிடுமா பாய்?"

"கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோதான். ஆமா, யாருக்குக் கட்டுற?"

"பாப்பாவுக்கு."

அவர் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அழகா கீது, போட்டுக்கட்டும். ஆனா மாத்திரய மட்டும் நிறுத்திடாத. கல்லு வேற, மாத்திர வேற."

"ஆங், பாய்" என்றேன்.

திரும்பி வருகிற ரயிலில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பட்டை தீட்டிய கல்லைத் திரும்ப வளர்க்க முடியாது. மோதிரக் கட்டு என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அதனால் முதலில் கல்லை அப்படியே கட்டிப் பார்ப்பது. தேவைப்பட்டால் மூலையை மறைத்துக் கட்டுவது. அதிலும் அடங்காவிட்டால்தான் சாணை. இப்படி வரிசை போட்டுக்கொண்டேன். ஒரே ஒரு சிக்கல் இருந்தது. கல்லும் மாத்திரையும் சேர்ந்து வேலை செய்தால் எது குணப்படுத்தியது என்று எப்படித் தெரியும்? சந்தேகப்பட்ட இரண்டு பேரை நீங்கள் ஒரே அறையில் உட்காரவைத்தா விசாரிக்கிறீர்கள்?

அதுவரை மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தவள் அனுராதா. இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்களாவது பங்கு எடுத்துக்கினீங்களே" என்றாள். மாத்திரையை உறையிலிருந்து பிரித்து, சின்ன மூடியில் வைத்து, தண்ணீரோடு கொடுக்க ஆரம்பித்தேன். அது சுண்ணாம்புச் சத்து மாத்திரை. பார்க்க அதே அளவு, அதே வெள்ளை. உடம்புக்குக் கெடுதல் செய்யாததாகப் பார்த்துத்தான் வாங்கினேன்.

நீலத்தை மோதிரமாகக் கட்டி யுவஸ்ரீயின் விரலில் போட்டுவிட்டேன். முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. யுவஸ்ரீயின் பேச்சில் தடங்கல் குறைந்தது. மாலையிலும் விழித்திருந்தாள். மோதிரத்தைத் திருப்பிப் பார்த்து, "நைனா, கல்லு நெஜமாவே வேல செய்யுது போல" என்று சிரித்தாள். அவள் அம்மாவோடு ஜவுளிக்கடைக்குப் போய் ஒரு பச்சைத் தாவணி எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருந்தால் மாத்திரையைத் திரும்பக் கொடுக்க உங்களுக்கும் மனம் வந்திருக்காது.

பிறகு ஒருநாள் யுவஸ்ரீ என் கடையில் உட்கார்ந்திருந்தபோது வலிப்பு வந்தது. ஷட்டரை இறக்கிவிட்டுப் பாயில் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். தெளிந்ததும், "அம்மாகிட்ட சொல்லாத, பயந்துக்கும்" என்றேன். அவளும் சொல்லவில்லை. கீறல் திறந்து கிடப்பதால்தான் வந்தது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்கே கட்டைப் பிரித்து, மூலையைத் தங்கத்துக்கு அடியில் மறைத்துப் புதிதாகக் கட்டினேன். நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அது. லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் கீறல் தெரியாது.

அதற்குப் பிறகு குளியலறையில் விழுந்து புருவத்தைக் கிழித்துக்கொண்டாள். வழுக்கிவிட்டது என்று நானே அனுராதாவிடம் சொன்னேன். யுவஸ்ரீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆங், வழுக்கிச்சிமா" என்றாள். தகப்பனுக்காகப் பொய் சொன்னாள். அன்று இரவு மாத்திரையை வாயில் போட்டவள் என்னிடம் கேட்டாள்.

"நைனா, மாத்திரய மாத்திட்டாங்களா? ருசி வேற மாதிரி கீது."

"கம்பெனி மாறிடிச்சி" என்றேன்.

விழுங்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அப்போதே நான் பழைய மாத்திரைக்குத் திரும்பியிருக்கலாம் என்கிறீர்கள். அலமாரியில்தான் இருந்தது. ஆனால் திரும்பியிருந்தால் அவள் அதுவரை பட்டதெல்லாம் வீணாகியிருக்கும். அவளை அப்படி வீணாகக் கஷ்டப்படுத்த எனக்கு இஷ்டமில்லை. கட்டை மாற்றியதற்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுத்துப் பார்ப்போம், அதற்குள் சாணைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம் என்றிருந்தேன்.

கடைசி நாளைப் பற்றித்தானே நீங்கள் கேட்க வேண்டியது. அனுராதா திருவாலங்காட்டில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். பகல் சாப்பாடு ஆனபிறகு யுவஸ்ரீ கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். ஒன்று நிற்பதற்குள் அடுத்தது வந்தது. அதுபோல் முன்பு வந்ததில்லை. அப்படி நிற்காமல் வந்தால் மூக்கில் அடிக்கச் சொல்லி டாக்டர் ஒரு மருந்து கொடுத்திருந்தார். டிவிக்குப் பக்கத்திலேயே இருந்தது. செல்போன் என் சட்டைப்பையில் இருந்தது. 108க்குச் சொன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து வர எவ்வளவு நேரமாகப் போகிறது.

நான் அவள் கையைப் பிடித்து, மோதிரம் நெற்றியில் படும்படி வைத்து அழுத்திக்கொண்டேன். கல் வேலை செய்ய வேண்டிய நேரம் அதுதான் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் மருந்தை அடித்து நின்றிருந்தால் மருந்தால் நின்றது என்பார்கள். ஊசி போட்டு நின்றிருந்தால் ஊசியால் என்பார்கள். வாழ்நாள் முழுக்க அவள் மாத்திரை விழுங்க வேண்டியிருக்கும். அந்தக் கொஞ்ச நேரம் நான் பொறுத்துக்கொண்டால் அவளுக்கு எல்லாம் தீர்ந்துவிடும். நடுவில் ஒருமுறை கண் திறந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது.

"மருந்து... நைனா" என்றாள்.

"ஒண்ணும் இல்லமா. கல்லு பாத்துக்கும்" என்றேன்.

பிறகு அடங்கிவிட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது. நின்றுவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது சார். தலையணை எடுத்து வைத்து, வாயைத் துடைத்து, தாவணியைச் சரிசெய்து விட்டேன். தூங்குகிறாள் என்றுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அனுராதா வந்து தொட்டுப் பார்த்துத்தான் சொன்னாள்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அலமாரியில் பிரிக்காத மாத்திரைகளை அவள்தான் பார்த்தாள். ஹனீஃபா பாயும் வந்து தான் சொன்னதைச் சொல்லிவிட்டுப் போனாராம். அவர் பொய் சொல்ல மாட்டார். மாத்திரையை நிறுத்தியவன் நான். மருந்து பக்கத்திலிருந்தும் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தவன் நான். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காரணம் என்று ஓர் இடம் இருந்தால் அங்கே மட்டும் மாத்திரை என்று எழுதாதீர்கள். கீறலை மறைத்தேனே தவிர போக்கவில்லை. சாணைக்குப் பயந்தேன். அதுதான் காரணம்.

வெளியே பெஞ்சில் அனுராதா உட்கார்ந்திருக்கிறாளாம். சாப்பிடவில்லை, தூங்கவில்லை, கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று ஏட்டம்மா சொன்னார்கள். எனக்கு அவளை நினைத்தால் பயமாக இருக்கிறது. கல் உங்களிடம்தானே இருக்கிறது. ஹனீஃபா பாயிடம் கொடுத்து, இந்தமுறை கீறல் முழுக்கப் போகிறவரை பட்டை தீட்டச் சொல்லுங்கள். கல் சிறுத்துத்தான் போகும். பரவாயில்லை, அனுராதாவின் விரல் மெல்லியதுதான்.