பச்சையாக வந்த ரிப்போர்ட்

“ரிப்போர்ட் பச்சையா வர்றதுதான்க்கா பேஜாரா இருக்குது” என்றான் எதிர் சீட்டு இளைஞன். அப்போதுதான் நான் காதைக் கொடுத்தேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த மின்ரயில் அத்திப்பட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

பக்கத்திலிருந்த பெண் சிரித்தாள். “பச்சைன்னா புரோகிராம் முழுசையும் டெஸ்ட் ஓட்டிப் பாத்துடுச்சுன்னு அர்த்தம். இன்னாடா பயம்?”

“சூடு அளவுக்கு மேல ஏறுனா ஃபர்னஸ் உலைய நிறுத்துற பகுதிக்கு டெஸ்ட்டே இல்ல. அதனால பில்டு ஃபெயிலாகி புரோகிராம் வெளிய போவாம நிக்குதுன்னு, அந்தப் பகுதிய மட்டும் கணக்குல சேக்காதன்னு, எவ்ளோ டெஸ்ட் ஆச்சுன்னு எண்ற கவரேஜ் பிளகின்ல யாரோ ஒரு வரி போட்டுக்கிறாங்க. நேத்துதான் பாத்தேன். நாளைக்கு இந்த புரோகிராம ஃபேக்டரில மாட்டப் போறாங்க.”

அவள் சிரிப்பு நின்றது. “உங்க அண்ணன் வேல செய்ற ஃபர்னஸா?”

“அதேதான்.”

“மேனேஜர்கிட்ட சொல்லு.”

“சொன்னேன். பச்சையாதானே இருக்குதுன்றாரு. ஆபீஸ் போனதும் அந்த வரியத் தூக்கிடறேன். பில்டு செவப்பா நின்னாதான் யாரும் மாட்ட மாட்டாங்க.”