பெயருக்குப் பின்னால் ஓர் எண்

எனக்கு மறதி அதிகம். என் கடவுச்சொல்லையே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி இழுப்பறையில் வைத்திருப்பேன். அடுத்தவர் கடவுச்சொல்லைத் தேடி அலைகிற ஆள் இல்லை நான்.

மருத்துவமனையில் மருந்தளவு பதியும் மென்பொருளை எழுதியவன் நான். செவிலியர்கள் கணினியைத் திறக்கும் அதே பெயரும் கடவுச்சொல்லும் அதற்கும் போதும். என் நிரல் அதை வாங்கி, "இவர் அவர்தானா" என்று கணினியிடம் கேட்டு, பதில் வந்ததும் அழித்துவிட வேண்டும். சோதனைக்காக அதை ஒரு கோப்பில் எழுதவைத்தேன். அந்த வரியை எடுக்க மறந்துவிட்டேன். பிறகு நினைவு வந்தது. எடுக்கவில்லை.

அப்படித்தான் தலைமைச் செவிலியருடையதைப் பார்த்தேன். ஒரு பெண்ணின் பெயர், பின்னால் ஓர் எண். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும் என்பது விதி. அவர் பெயரைத் தொடமாட்டார். எண்ணில் மூன்றைக் கூட்டுவார். இருபத்தேழு, முப்பது, முப்பத்து மூன்று.

"எப்படிக்கா ஞாபகம் வச்சுக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உன்னை மாதிரி சீட்டு எழுதி வைக்கணுமா? எனக்கு மறக்கிறதுதான் தம்பி கஷ்டம்," என்று சொல்லி, தன் பிஸ்கட்டில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

ஏழாம் படுக்கையில் ஒரு பேருந்து ஓட்டுநர். மறுநாள் வீட்டுக்குப் போகவேண்டியவர். அக்கா 2.5 என்று பதிந்தார். என் நிரல் புள்ளியை விழுங்கிவிட்டு, மருந்து ஏற்றும் கருவிக்கு 25 என்று அனுப்பியது. மதியத்துக்குள் அவர் இறந்துபோனார்.

அந்த வாரம்தான் என் வேலை நிரந்தரமாவதாக இருந்தது. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அக்காவின் பெயரில் உள்ளே போனேன். பதிவில் இருந்த 2.5ஐ 25 ஆக்கினேன், பதிந்த நேரத்தையும் பழையபடி வைத்தேன். பிறகு நிரலின் பிழையைச் சரிசெய்தேன். நானும் சாப்பிடப் போனேன்.

"நான்தான் புள்ளிய விட்டுட்டேன் போல தம்பி," என்றார் அக்கா.

"அசதியா இருந்திருப்பீங்கக்கா," என்றேன்.

விசாரணையில் அதிகாரி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். கடவுச்சொல் வேறு யாருக்காவது தெரியுமா?

அக்கா இல்லையென்று தலையசைத்தார். "தெரிய வழியில்லைங்க. பொறந்து ஒரு மணி நேரம்கூட இருக்காத என் பொண்ணுக்கு நான் மனசுக்குள்ள வச்ச பேரு அது. வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னதில்ல. பின்னாடி இருக்கிறது, இருந்திருந்தா அவளுக்கு எத்தனை மாசமோ, அது."

'வேறு எவருக்கும் தெரியாது' என்று அதிகாரி எழுதிக்கொண்டார். அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது.

அக்கா சிறைக்குப் போய்ப் பதினைந்து மாதம் ஆகிறது. அவருடைய கணக்கை முடக்கும் வேலை எனக்குத்தான் வந்தது. எனக்கு மனம் வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மறக்காமல், மூன்றைக் கூட்டிவிடுகிறேன். இன்று காலை நாற்பத்தெட்டு போட்டேன். அவளுக்கு நான்கு வயது நிறைந்துவிட்டது. அம்மா பக்கத்தில் இல்லாத குழந்தையை யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா.