தண்ணீர் இல்லாத நீச்சல் குளம்

சைலஸ்: கேட்டியா அந்தச் சத்தம்?

பீட்: கேக்கல.

சைலஸ்: பொய் சொல்லாத. உன் கட்டிலே ஆடுச்சு.

பீட்: அலைடா. அட்லாண்டிக்ல வேற என்ன அடிக்கும்?

சைலஸ்: கப்பலோட நீச்சல் குளத்துக்குள்ள நாலடுக்குக் கட்டில்! சாகறதுக்கு நல்ல இடமாத்தான் குடுத்திருக்காங்க. தண்ணி மட்டும்தான் பாக்கி.

பீட்: வாயக் கழுவு.

சைலஸ்: எதுல கழுவ? குழாய் பூரா ஜெர்மன் எழுத்து. எது வெந்நீர்னே தெரியல.

பீட்: இடது பக்கம்.

சைலஸ்: என்னது?

பீட்: இல்ல... காலைல திருகிப் பாத்தேன்.

சைலஸ்: நியூயார்க்க விட்டதுல இருந்து அதுல சொட்டுத் தண்ணி வரலையே?

பீட்: தூங்கவிடேன்டா.

சைலஸ்: தூக்கமா? ஜெர்மன்காரன் கட்டின கப்பல். நம்ம அமெரிக்கா துறைமுகத்துல வச்சுப் பிடுங்கி, சாம்பல் பெயின்ட் அடிச்சு, அவனயே சுட நம்மள ஏத்தி அனுப்புறாங்க. அடியில நீர்மூழ்கில இருக்கறவனுக்கு இதோட ஒவ்வொரு ஆணியும் தெரியுமாம். சார்ஜென்ட் சொன்னார்.

பீட்: அவர் இன்னும் நிறையச் சொல்வார்.

சைலஸ்: ஐயோ! இது அலையா? பீட், இது அலையா?

பீட்: ...இல்ல.

சைலஸ்: விளக்கு போச்சுடா!

பீட்: என் கையப் பிடி.

சைலஸ்: இருக்கறது ஒரே படிக்கட்டு. முன்னூறு பேரும் அதுலதான் மிதிபடறாங்க. வா, முட்டிப் பாப்போம்...

பீட்: அங்க போகாத.

சைலஸ்: பின்ன எங்க போக?

பீட்: பின்னால... துண்டு அடுக்கற அலமாரி. அதுக்குள்ள ஒரு கதவு. ஏணி நேரா மேல்தளத்துக்குப் போகும்.

சைலஸ்: அங்க வெறும் பலகைச் சுவர்தான இருக்கு?

பீட்: பலகை நம்மாளுங்க அடிச்சது. நீ உதை. எல்லாரையும் கூப்பிடு.

சைலஸ்: கூப்பிட்டா... உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க.

பீட்: கேக்கட்டும். கூப்பிடுடா!

சைலஸ்: டேய்! எல்லாரும் இந்தப் பக்கம்! இங்க ஏணி இருக்கு!

பீட்: ஆ... கால்! மிதிக்காத, ஏறு!

சைலஸ்: நிலா வெளிச்சம்... காத்து... என்னடா இது, கப்பல் ஓடிட்டுதான் இருக்கு?

பீட்: நம்மகூட வர்ற காவல் கப்பல், நீர்மூழ்கி மேல வெடி போட்டிருக்கு. நமக்கு ஒண்ணும் ஆகல.

சைலஸ்: சும்மா இருந்திருந்தா நீ தப்பிச்சிருப்ப.

பீட்: எதுல இருந்து?

சைலஸ்: சார்ஜென்ட் வர்றார்.

பீட்: சைலஸ், டச்சுக்காரன்னு நான் சொன்னது பொய். நான் ஜெர்மன்காரன். இதே கப்பல்ல, அந்தக் குளத்துல வேலை பாத்தவன். உளவாளின்னு சுட்டுருவாங்களா?

சைலஸ்: குரல இறக்கு. எனக்குத் தெரியும்.

பீட்: எப்போ இருந்து?

சைலஸ்: ஏறின அன்னிக்கே. நாங்க எல்லாரும் பூட்ஸோட குளத்துல குதிச்சோம். நீ ஒருத்தன் விளிம்புல உக்காந்து, கழட்டி ஓரமா வச்சுட்டு இறங்கின, குளத்துல வேலை பாத்த பழக்கத்துல. சார்ஜென்ட்டும் பாத்தார். பக்கத்துக் கட்டில்ல படு, ஏதாவது பண்ணா சுட்டுடுன்னு என்கிட்ட துப்பாக்கி குடுத்தார். யாராவது கேட்டா, கதவ நான்தான் தடவிக் கண்டுபிடிச்சேன், புரியுதா? இந்தா, என் பூட்ஸ மாட்டு. இப்பவும் வெறுங்காலோட நிக்கற, முட்டாள்.