சிங்காசனத்துப் பச்சைக்கல்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் மழைக்கு ஒழுகாத இடம் பிரசங்க மேடை மட்டும்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. பாதி ஞாயிறுகள் நான் ஒருவன் நனையாமல் நின்று வெறும் பெஞ்சுகளுக்குப் பிரசங்கித்திருக்கிறேன். நோர்வூட் பக்கத்துத் தொழிலாளர் லயங்களில் ஓர் உபதேசியாரை யார் சட்டை செய்கிறார்கள்?

இந்த ஆடி மழையில், மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்த ஆண்டியப்பன் மண்ணுக்குள் கிடந்த ஒரு பச்சைக்கல்லைக் கொண்டுவந்து கொடுத்தான். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. அந்த ஞாயிறு வேதாகமத்தில் வெளிப்படுத்தல் புத்தகத்தைத் திறந்தேன். தேவனுடைய சிங்காசனத்தைச் சுற்றி மரகதப் பச்சையில் ஒரு வானவில் இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவரைச் சுற்றியும் இரக்கம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் என்றேன். சனங்கள் அழுதார்கள். அடுத்த ஞாயிறு, மாரியம்மனைக் கும்பிடுகிற வேலாயிகூட சூடத்தோடு வந்தாள். நான் தடுக்கவில்லை. காய்ச்சல்காரர்கள் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என் ஆயுசில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அறிந்ததில்லை.

என் மனைவி பெற்றீசியா மட்டும் சிரித்தாள். அவள் தாய் துரை பங்களாவில் வேலை பார்த்தவள்.

"இது துரை குடிச்சுப் போட்ட போத்தலோட அடித்துண்டுங்க. மழத்தண்ணியும் மண்ணும் தேச்சு வழவழன்னு ஆக்கிருச்சு. பாவம் சனங்க, நம்பிக்கிட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழம சாட்சி சொல்றப்ப நானே சொல்லிடுறேன்."

சாட்சி சொல்ல எழுந்தவரை உபதேசியார் உட்காரச் சொல்லக்கூடாது. எங்கள் கோயில் வழக்கம் அது.

ஞாயிறு வருமுன் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து மருந்துக்காரர் பார்த்துவிட்டு, நிமோனியா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று லொறியை அனுப்பினார். வாசலில் சனங்கள் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் பெண்சாதியே லொறியில் ஏறினால் கல்லுக்கு என்ன மரியாதை? டிரைவர் வீரய்யாவிடம், "காய்ச்சல் இறங்கிருச்சு, நீங்க போங்க" என்றேன்.

கல்லை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டேன்.

"மூச்சு முட்டுதுங்க. லொறி வந்திருச்சா?"

"வருது" என்றேன். பேச்சு நிற்கும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள்மேல் எனக்கு உயிர், ஐயா. இப்போதும் அந்தக் குரலை நினைத்தால் சோறு இறங்குவதில்லை. ஆனால் நான் அவள்மேல் கை வைக்கவில்லை. விசுவாசித்தேன், அவ்வளவுதான். விசுவாசிப்பது குற்றமென்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

அடக்கம் முடிந்த வாரமே எனக்கும் அதே காய்ச்சல் கண்டது. கல் அப்போதும் பீடத்தில்தான் இருந்தது. காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிக்குமுன்பே வீரய்யாவின் கதவைத் தட்டி, லொறியை எடுக்கச் சொன்னேன்.